முதல்நூலும் வழிநூலும்: ஒரு புல்லட்டைச் செப்பனிட்ட கணக்கு

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செப்பனிட எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்களுக்கு ஒரே தொகையாக விடை சொல்லிவிடலாம். 1973இல் பதிவான என் பெரியப்பாவின் 350 சிசி புல்லட்டுக்கு ஆனது 1,42,600 ரூபாய். பிடித்த காலம் பதினான்கு மாதம். ஆனால், எந்த ரூபாய் எதற்காகப் போயிற்று என்று பிரித்துப் பார்க்கப் புகுந்தால் அது ஒரு வண்டியின் கணக்காக மட்டும் நிற்பதில்லை. இங்கிலாந்தில் மூடப்பட்ட ஓர் ஆலையும், திருவொற்றியூரில் திறக்கப்பட்ட இன்னோர் ஆலையும், உலகிலிருந்தே ஒழிந்துபோன ஒரு மாட்டு நோயும் அக்கணக்கிற்குள் வந்துவிடுகின்றன.

முதலில் பிறப்பு வரலாறு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிகள் செய்து கொடுத்த தொடர்பால், ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பதையே விளம்பர வாசகமாகவும் வைத்துக்கொண்டது. புல்லட் என்ற பெயர் 1932 முதல் வழக்கில் உண்டு. எனினும் நம் சாலைகளில் நாம் அறிந்த புல்லட், இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1948–49இல் உருவானது. 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, 346 சிசி கொள்ளளவு, ஒற்றை சிலிண்டர். பின்சக்கரத்துக்கு அசையும் கையும் ஷாக் அப்சார்பரும் வைத்தது அக்காலத்தில் புதுமை.

விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய இராணுவம், மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக இவ்வண்டிகளை நூற்றுக்கணக்கில் தருவித்தது. அதன் தொடர்ச்சியாக 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூர் ஆலை 1956இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பகுதிகளாக வந்தவற்றைக் கோத்துக் கொடுப்பதே இங்கு நடந்த வேலை. அவ்வாண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன என்பது நிறுவனத்தின் கணக்கு. பிறகு ஒவ்வோர் உறுப்பாக இங்கேயே வார்த்தும் கடைந்தும் செய்யத் தொடங்கினார்கள்.

(ஒற்றி என்ற சொல்லுக்கு அடகு என்னும் பொருளும் உண்டு. இரவல் வாங்கிய வரைபடத்தைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்ட ஆலை, பட்டினத்தார் அடங்கிய ஒற்றியூரில் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் தமிழாசிரியன் ஒருவனுக்கு இதைச் சொல்லாமல் கடக்க மனம் வருவதில்லை.)

இதற்குப் பின் நடந்ததுதான் சுவையானது. 1960களின் தொடக்கத்திலேயே ரெட்டிச்சில் இந்தப் பழைய வகை புல்லட் நின்றுபோயிற்று. 1967இல் அந்த ஆலையே மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அப்பெயரில் வண்டி செய்வதும் முடிந்தது. திருவொற்றியூரிலோ 1950களின் வடிவமே ஏறத்தாழ மாறாமல் பதிற்றாண்டுகளாக வார்க்கப்பட்டு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிமமுறையும் நிலவிய நாட்டில் வடிவத்தை மாற்றுவதற்கான நெருக்கடி யாருக்கும் இல்லை. மைசூரின் ஜாவாவும் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத்தும் தவிரப் போட்டி என்று சொல்ல வேறு ஏதும் பெரிதாக இருக்கவில்லை. நன்னூல் பாயிரம் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கும். இங்கே முதல்நூல் மறைந்தது, வழிநூல் நிலைத்தது. 1977 முதல் அந்த வழிநூல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. இன்று அந்நாட்டில் 1950களின் ரெட்டிச் புல்லட்டைச் செப்பனிடுபவர்களும் பல உறுப்புகளுக்குச் சென்னையில் செய்தவற்றையே நாடுகிறார்கள். மூலம் சிதைந்த இடத்தை வழிநூலைக் கொண்டு நிரப்பும் பதிப்பாசிரியர் வேலைதான் இதுவும்.

நிற்க. வடிவம் மாறாமல் இருந்தது செப்பனிடுபவனுக்கு வரமும் சாபமுமாக அமைகிறது. 1965ஆம் ஆண்டு வண்டியில் 1985ஆம் ஆண்டு உறுப்பு பெரும்பாலும் பொருந்திவிடும். ஆகவே வண்டி சாவதில்லை. ஆனால் அதே காரணத்தால், ஐம்பது ஆண்டு ஓடிய எந்தப் புல்லட்டும் ஒரே ஆண்டுக்குரியதாகவும் இருப்பதில்லை. பெரியப்பா வண்டியைப் பிரித்தபோது சட்டமும் கிராங்க் பெட்டியும் மட்டுமே 1973க்கு உரியவை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பெட்ரோல் தொட்டி பிற்காலத்தது. முன்சக்கரம் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. மின்சுற்று ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு எப்போதோ மாற்றப்பட்டிருந்தது. ஏட்டுச்சுவடிகளில் வேறுவேறு கைகள் எழுதிய ஓலைகள் ஒரே கட்டில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்நிலை புதிதாகத் தோன்றாது.

மறைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேதத்தைக் குறிக்கும் மறை அன்று. பட்டறைத் தமிழில் திருகாணியின் புரியை மறை என்பார்கள். ‘மறை கழன்றவன்’ என்ற வசவும் அங்கிருந்து வந்ததே. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர், ஆளுக்கொரு அளவில் கடையப்பட்டு வந்த திருகாணிகளுக்கு ஒரே நியதியை முன்மொழிந்தார். அவர் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. பின்னர் சைக்கிள் தொழிலுக்கென ஓர் அங்குலத்துக்கு 26 புரி கொண்ட மெல்லிய மறை தனியே வந்தது. ரெட்டிச் இவற்றையெல்லாம் கலந்து பயன்படுத்தியது. திருவொற்றியூர் அப்படியே பின்பற்றியது. 1957இல் நயா பைசா வந்து, அதனை அடுத்துக் கிலோவும் மீட்டரும் சட்டமான பிறகும் புல்லட்டின் உள்ளே அங்குலமும் விட்வொர்த்தும் ஆட்சி செய்துகொண்டிருந்தன. காலப்போக்கில் மெட்ரிக் அளவுகளும் நுழைந்தன. விளைவு என்னவென்றால், ஒரு போல்ட் தொலைந்தால் கடையில் கிடைப்பது மெட்ரிக். அதை முடுக்கினால் முதல் இரண்டு சுற்று இணங்குவது போலத் தோன்றும். மூன்றாவது சுற்றில் உள்ளிருக்கும் மறையைத் தின்றுவிடும். பெரியப்பா வண்டியில் இவ்வாறு தின்னப்பட்ட மறைகள் பதினேழு. ஒவ்வொன்றையும் உலோகம் வைத்து அடைத்து, மறுபடி துளையிட்டு, பழைய அளவில் மறை வெட்ட வேண்டியிருந்தது. நட்டு, போல்ட்டு, கேபிள், ரப்பர் என்ற தலைப்பில் என் நோட்டுப் புத்தகம் காட்டும் தொகை 8,000. பார்வைக்கு ஒன்றுமே தெரியாத செலவு இது. வண்டியைப் பார்க்க வரும் ஒருவரும் மறையைப் பாராட்டியதில்லை.

எஞ்சினுக்கு 41,000 ஆயிற்று. 1998 முதல் தொழுவத்தில் நின்ற வண்டி. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருந்தது. பிளக் துளை வழியே டீசலும் எண்ணெயும் ஊற்றிப் பதினொரு நாள் ஊறப்போட்ட பிறகே அசைந்தது. இவ்வகைச் சிலிண்டரின் தேய்ந்த சுவரை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என மும்முறை அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் இடுவது வழக்கம். இதில் மூன்று முறையும் முன்பே முடிந்திருந்தது. எனவே சிலிண்டருக்குள் புதிய இரும்புக் குழல் இறக்கி, மீண்டும் 70 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. லேத் பட்டறைக்காரர் அதற்கு வாங்கியது பெரிய தொகை அன்று. அவர் கைவேலை ஒழிந்து வரும்வரை காத்திருந்த ஐந்து வாரமே பெரிது. இதற்கிடையில் பெருநகரக் கடையொன்றில் வாங்கிய பிஸ்டன் ரிங்குகள் போலியாக இருந்து, இருநூறு கிலோமீட்டருக்குள் புகை தள்ளி, எஞ்சினை இரண்டாம் முறை பிரிக்க வைத்தன. உறையில் அச்சிட்டிருந்த முத்திரை மட்டும் மிகச் செம்மையாக இருந்தது.

கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இப்பழைய புல்லட்டுகளுக்கு உருளைத் தாங்கி கிடையாது. மிதக்கும் புஷ் எனப்படும் வழுவழுப்பான வளையம் ஒன்றே, எண்ணெய்ப் படலத்தின்மீது சுழன்றுகொண்டிருக்கும். எண்ணெய் தவறினால் அது உருகிவிடும் என்பதால், இப்போது பலரும் அதை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போடுகிறார்கள். எதைப் போடுவது என்ற கேள்வி எழுந்தபோது மெக்கானிக் அண்ணாச்சி அதிகம் யோசிக்கவில்லை.

“பைய போற ஆளுக்குப் பேரிங் எதுக்கு சார்? ஆயில் மட்டும் மறக்காமப் பாத்துக்கிடுங்க. புஷ்ஷே இன்னொரு முப்பது வருசம் வரும்.”

அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு வேப்பமரமும் நான்கு தகரத் தட்டிகளுமே அவர் பட்டறை. கிராங்கை அழுத்திக் கோத்தபின் அதன் ஓட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, விரலால் சுற்றிவிட்டுக் காதால் கேட்டு, எப்பக்கம் தட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார். கிளட்ச்சைக் கழற்ற அவர் கையாளும் கருவி, பழைய தகடுகளைக் கொண்டு அவரே பற்றவைத்தது. பதினான்கு மாதத்தில் அவர் கூலியாகப் பெற்றது 24,000. மொத்தச் செலவில் ஆறிலொரு பங்கு. பழைய நூல்கள் அரசனுக்கு உரியதாகச் சொல்லும் பங்கு அதுவே என்றாலும், இங்கே அது மிகக் குறைவு என்பதே என் எண்ணம். குரோமிய முலாமுக்கு மட்டும் 18,500 கொடுத்திருக்கிறேன். அந்தப் பளபளப்பு மூன்று மழைக்காலம் தாங்கினால் பெரிது. அண்ணாச்சியின் மகன்கள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் பழகும் பையன்களுக்குப் பிளாட்டினம் பாயிண்ட்டின் இடைவெளியை வைக்கக் கற்கும் விருப்பம் இல்லை, அவர்களிடம் வரும் வண்டிகளில் அது இல்லாததால்.

தொட்டியின் ஒடுக்கெடுத்துப் பட்டி பார்த்து, கறுப்பு வண்ணம் அடித்து, பொற்கோடு இழுத்ததற்கு 21,000. ஆலையிலேயே இக்கோடுகள் தூரிகையால் கையாலேயே இழுக்கப்பட்டவை. இன்றும் சில வகைகளுக்கு அவ்வாறே. எங்கள் ஊரில் அதைச் செய்து கொடுத்தவர் முன்பு கடைப் பலகைகள் எழுதியவர். 2000களில் பிளக்ஸ் அச்சு வந்து அத்தொழிலைத் துடைத்தெடுத்த பிறகு, வண்டிக்குக் கோடு இழுப்பதும் கோயில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டுவதுமாகக் காலம் தள்ளுகிறார். அளவுகோல் வைக்கவில்லை. சுண்டுவிரலைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு.

இனி, இச்செப்பனிடலில் எனக்குப் பெரும் சிக்கலாக அமைந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியின் பின்பகுதியில், இருக்கைக்கு இடப்புறம், சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த இரும்புத் தாங்கி ஒன்று இருந்தது. கோண இரும்பு நான்கு, பட்டை இரண்டு. அழகு என்று சொல்ல ஏதுமில்லை. இத்துறையில் பழகிய நண்பர்கள் அனைவரும் ஒரே குரலில், அதை அறுத்தெறிந்து சட்டத்தைத் தேய்த்துவிடச் சொன்னார்கள். ஆலையிலிருந்து வந்த நாளில் அது இல்லை, ஆகவே இடைச்செருகல். கண்காட்சிகளில் மதிப்பெண் இடுபவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

பெரியப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர். அந்தத் தாங்கி, பனிக்கட்டி இட்ட தடுப்பூசிப் பெட்டியை வைப்பதற்காக அவர் செய்வித்தது. மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோயை ஒழிக்க 1950களின் நடுவில் இந்திய அரசு நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வெப்பத்தில் கெட்டுவிடும் மருந்தைப் பனி உருகுவதற்குள் கடைசித் தொழுவம்வரை கொண்டு சேர்ப்பதே அத்திட்டத்தின் பெரும்பாடு. ஜீப் எட்டாத இடங்களுக்குச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள் ஏராளம். இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் கண்டறியப்பட்டது 1995இல், நம் தமிழ்நாட்டில். 2011இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர் முயன்று ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே. மாட்டு நோய் என்பதாலோ என்னவோ நம் எழுத்தில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. (நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் எவரேனும் வெக்கை நோயைப் பற்றிய வாய்மொழிச் செய்திகளைத் தொகுத்தால் நல்லது. அறிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள்.)

அப்பணியில் பெரியப்பாவின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அலுவலகப் பதிவேடுகள் இருந்த இடமும் தெரியவில்லை. அவர் அவ்வேலை செய்தார் என்பதற்குப் புறச்சான்றாக இன்று எஞ்சியிருப்பது நான்கு கோண இரும்பும் இரண்டு பட்டையும்தான். ஆலையின் மூலபாடத்தை மீட்பதற்காக அதை நீக்குவது, சுவடியின் ஓரத்தில் படித்தவர் எழுதிவைத்த உரைக்குறிப்பை, ஆசிரியர் எழுதியதன்று என்பதற்காகச் சுரண்டி எறிவதைப் போன்றது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., மூலத்தோடு உரையையும் சேர்த்தே அச்சிட்டார். மூலத்தை மட்டும் மதிப்பவர்கள் அதை நினைவிற்கொள்ளலாம். தாங்கியின் துருவை மட்டும் நீக்கி, கறுப்பு அடித்து, இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். அதற்குச் செலவு ஏதும் ஆகவில்லை. ஒரு நண்பருடைய மனத்தாங்கல் மட்டும் நேர்ந்தது.

சட்டமும் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு, முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவதற்கு விதிகளை வெளியிட்டது. வண்டி அதன் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டத்திலோ எஞ்சினிலோ பெருமளவு மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும். எங்கள் வண்டிக்கு 2023இல் ஐம்பது நிறைந்தது. ஆனால் அவ்வகையில் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்பல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலைக்குக் கொண்டுவரலாம். அசல் வடிவம் எது என்ற வழக்கை ஓர் ஆய்வாளர் முன் வைத்து வாதாடுவது ஒருபுறம் இருக்கட்டும். ஓட்டக்கூடாத புல்லட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனவே சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். பதினைந்து ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2,000 ஆக உயர்ந்தது. இடையிலே விட்டுப்போன மாதங்களுக்குத் தண்டம் வேறு. 1989க்கு முந்திய மூன்றெழுத்துப் பதிவெண் அப்படியே கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இவ்வண்டியை உயிர்ப்பிப்பதே ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முகப்பிலுள்ள அம்மீட்டரின் முள் இடப்புறம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் விலகும் கணத்தில் நடுவுக்கு வரும். அப்போது டீகம்ப்ரஷர் நெம்பை இழுத்து, பிஸ்டனை உச்சிக்கு அப்பால் சற்றே கடத்தி, விட்டு, பிறகு முழு எடையோடு ஓர் உதை. வரிசை தவறினால் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. நியூட்ரல் தேடித் தவிப்பவர்களுக்காக, முதல் கியர் தவிர வேறு எந்தக் கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி நெம்பு ஒன்றும் உண்டு. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவுடன் நூறு சிசி வண்டிகள் வந்தபோது மக்கள் இச்சடங்குகளையெல்லாம் விட்டோடியதில் வியப்பில்லை. நிறுவனமும் தளர்ந்து, 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதன்பின் அது எழுந்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். வார்ப்பிரும்பு எஞ்சினும் தனிக் கியர்ப்பெட்டியும் கொண்ட பழைய புல்லட் மட்டும், புதிய எஞ்சின் வந்ததும், புகை விதிகள் இறுகியதும், 2010ஐ ஒட்டி நின்றுபோயிற்று. ரெட்டிச் வரைந்த வடிவம் அங்கே வாழ்ந்தது பதினைந்து ஆண்டுக்கும் குறைவு. இங்கே அரை நூற்றாண்டுக்கு மேல்.

வண்டி இப்போது வாரத்தில் மூன்று நாள் கல்லூரிக்கு வருகிறது. பிரைமரி செயின் மூடியில் மட்டும் எண்ணெய் கசிவு நிற்கவில்லை. அம்மூடி முழுவதையும் நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரெட்டிச் காலத்து அமைப்பு. அதிகம் முடுக்கினால் மூடி வளையும், குறைத்தால் ஒழுகும். மூன்று முறை ரப்பர் வளையம் மாற்றியாயிற்று. நான்காவதை வாங்கி வரும்படி அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்; இம்முறை மூடியின் விளிம்பைக் கண்ணாடிப் பலகையில் எமரித்தாள் ஒட்டித் தேய்த்துச் சமன் செய்துவிட்டுப் போடலாமாம்.